நரம்பியல் ஆய்வாளரின் வெளியீட்டுப் பட்டியலும் மேற்கோள் கணக்கும்: பிழையில்லாமல் தயாரிக்க முழுமையான வழிகாட்டி

பதவி உயர்வு, ஆய்வு நிதி, விருதுப் பரிந்துரை, முனைவர் பட்ட வழிகாட்டி அங்கீகாரம் என எதற்கு விண்ணப்பித்தாலும் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் வெளியீட்டுப் பட்டியலும் மேற்கோள் விவரமும் (அவர் கட்டுரைகளைப் பிற கட்டுரைகள் எத்தனை முறை குறிப்பிட்டிருக்கின்றன என்பது) கேட்பார்கள். இதைத் தயாரிக்க உட்காரும் புதியவர்கள் பலரும் கூகுளின் ஆய்வுக் கட்டுரைத் தேடல் தளமான கூகுள் ஸ்காலரைத் திறந்து, வலப்பக்கம் தெரியும் எண்களை அப்படியே எடுத்து எழுதிவிடுகிறார்கள். எண் கடைசியில் வரவேண்டியது. எந்தக் கட்டுரைகள் உண்மையில் இவருடையவை, ஒவ்வொன்றிலும் இவருடைய பங்கு என்ன என்பது முடிவாவதற்கு முன்னால் எடுக்கும் எந்த எண்ணும் தேர்வுக்குழுவின் முதல் கேள்விக்கே தாங்காது.

கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். நாற்பது, ஐம்பது கட்டுரை உள்ளவருக்கு இரண்டு முழு நாள் ஒதுக்கினால் நிதானமாக முடிக்கலாம்.

தொடங்கும் முன் தேவையானவை

ஆய்வாளரின் பழைய சுயவிவரக் குறிப்பு, அவர் பணியாற்றிய நிறுவனங்களும் ஆண்டுகளும், அவர் பயன்படுத்திய மின்னஞ்சல் முகவரிகள், ஓர்கிட் எண் (ஆய்வாளருக்கான பன்னாட்டு அடையாள எண்), ஸ்கோபஸ் ஆசிரியர் எண் (ஸ்கோபஸ் என்ற கட்டணத் தரவுத்தளம் தரும் எண்) ஆகியவற்றைத் திரட்டிக்கொள்ளுங்கள். ஓர்கிட் இல்லையென்றால் இன்றே தொடங்கிவிடலாம். இலவசம், சில நிமிட வேலை.

ஒரு எக்செல் தாளில் இந்த நிரல்களைப் போடுங்கள்: தலைப்பு, ஆய்விதழ், ஆண்டு, டிஓஐ (கட்டுரையின் நிரந்தர அடையாள எண்), பிஎம்ஐடி (பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளம் தரும் எண்), கட்டுரை வகை, ஆசிரியர் வரிசையில் இடம், மொத்த ஆசிரியர்கள், தொடர்பு ஆசிரியரா (இதழோடும் வாசகர்களோடும் கடிதத் தொடர்புக்குப் பொறுப்பானவரா), ஸ்கோபஸ் மேற்கோள், எண் எடுத்த தேதி, குறிப்பு. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் காக்கும். ஓர்கிட் 16 இலக்கம். கோடுகள் இல்லாமல் ஒட்டினால் கடைசி இலக்கம் பூஜ்ஜியமாகிவிடும். அடையாள எண்களுக்கான நிரல்களை முதலிலேயே 'டெக்ஸ்ட்' வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

1. எதற்காக என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

ஒவ்வொரு அமைப்பும் வேறு வேறு விஷயத்தைக் கேட்கிறது. இந்தியாவில் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2022 ஆசிரியர் தகுதி விதிகள், முதல் மூன்று ஆசிரியர்களில் ஒருவராகவோ தொடர்பு ஆசிரியராகவோ இருக்க வேண்டும் என்றன. மூல ஆய்வு, மெட்டா பகுப்பாய்வு (பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிடுவது), முறைசார் மீளாய்வு (வகுத்த முறைப்படி ஆய்வுகளைத் தேடித் தொகுப்பது), நோயாளித் தொகுப்பு ஆகியவற்றையே ஏற்றன. ஒற்றை நோயாளி அறிக்கையை ஏற்கவில்லை. 2025இல் புதிய விதிமுறைகள் வந்திருக்கின்றன. விண்ணப்பிக்கும் நாளில் நடைமுறையில் உள்ள விதியை ஆணையத்தின் தளத்திலிருந்தே எடுத்து வாசியுங்கள். சக ஊழியர் அனுப்பும் வாட்ஸ்அப் சுருக்கத்தை நம்ப வேண்டாம்.

ஆய்வு நிதி தரும் அமைப்புகள் பலவும் கடைசி 5 ஆண்டுக் கட்டுரைகளை மட்டும் கேட்கும். நோக்கம் தெரிந்தால்தான் 7ஆம் படியில் எப்படிப் பிரிப்பது என்பது தெரியும்.

2. பெயரின் எல்லா வடிவங்களையும் பட்டியலிடுங்கள்

தமிழ்ப் பெயர்களுக்கு அதிக நேரம் தர வேண்டிய படி இது. தரவுத்தளங்கள் எல்லாம் குடும்பப் பெயரும் முதலெழுத்தும் என்ற அமைப்பில் கட்டப்பட்டவை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது; தந்தை பெயரின் முதலெழுத்துதான் உண்டு. செந்தில்குமார் என்று ஒருவர், தந்தை பெயர் ராமசாமி என்று வைத்துக்கொள்வோம். ஆய்விதழின் படிவம் 'கடைசிப் பெயர்' கேட்கும்போது ஒருமுறை செந்தில்குமார் என்று நிரப்பியிருப்பார், ஒருமுறை ராமசாமி என்று விரித்திருப்பார். இணை ஆசிரியர் ஒருவர் 'செந்தில்', 'குமார்' என இரண்டாகப் பிரித்திருப்பார். விளைவு: பப்மெட்டில் செந்தில்குமார் ஆர், ராமசாமி எஸ், குமார் ஆர்எஸ், குமார் எஸ் என நான்கு வடிவங்களில் ஒரே மனிதர்.

இவற்றில் குமார் எஸ் என்று தேடினால் இந்தியா முழுவதிலும் உள்ள எண்ணற்ற ஆய்வாளர்கள் வந்து விழுவார்கள். அதற்குப் பயந்து அந்த வடிவத்தைத் தேடாமல் விட்டால் உண்மையான கட்டுரைகள் விடுபடும். தேடித்தான் ஆக வேண்டும். நிறுவனப் பெயரையோ நோயின் பெயரையோ சேர்த்துச் சுருக்குங்கள்.

ஆங்கில எழுத்துக்கூட்டல் மாற்றங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாந்தி, லட்சுமி, முருகேசன் போன்ற பெயர்கள் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று விதமாக எழுதப்படுகின்றன. திருமணத்துக்குப் பின் முதலெழுத்து மாறியவர்களின் முன்னாள் பெயரை அவர்களிடமே கேட்டு வாங்குங்கள்.

3. நிறுவனப் பெயர்களையும் அதே போல விரியுங்கள்

சென்னை மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் நிலையத்தில் பணியாற்றியவரின் முகவரி, கல்லூரியின் பெயரில் இருக்கலாம், ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை என்றிருக்கலாம், நரம்பியல் நிலையம் என்று மட்டும் இருக்கலாம், பல்கலைக்கழகத்தின் பெயரிலும் இருக்கலாம். பழைய கட்டுரைகளில் ஊர் மெட்ராஸ். பெங்களூரின் நிம்ஹான்ஸ், திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனம் ஆகியவற்றுக்கும் ஊர்ப்பெயர் இரண்டு விதமாக வரும். அரசு மருத்துவர் என்றால் இடமாறுதல்களால் நிறுவனமே மாறியிருக்கும்.

பப்மெட் 2014க்குப் பிறகுதான் எல்லா ஆசிரியர்களின் முகவரிகளையும் பதிகிறது. அதற்கு முன், 1988இலிருந்து, முதல் ஆசிரியரின் முகவரி மட்டுமே. ஆகவே 2005இல் வந்த ஒரு கட்டுரையில் இவர் நான்காவது ஆசிரியராக இருந்தால், நிறுவனப் பெயரை வைத்துத் தேடும்போது அது கிடைக்காமல் போகலாம். பழைய கட்டுரைகளை இணை ஆசிரியர் பெயரோடு சேர்த்துத் தேடுங்கள்.

4. பப்மெட்டிலிருந்து தொடங்குங்கள்

நரம்பியல் மருத்துவக் கட்டுரைகளுக்கு முதல் அடித்தளம் பப்மெட். இலவசம், பதிவுகள் சீரானவை, ஒவ்வொன்றுக்கும் பிஎம்ஐடி உண்டு. அட்வான்ஸ்டு தேடல் பக்கத்தில் ஒவ்வொரு பெயர் வடிவத்தையும் 'ஆத்தர்' புலத்தில் போட்டு, 'ஆர்' (OR, அதாவது 'அல்லது') கொண்டு இணையுங்கள்.

புலத்தைத் தேர்ந்தெடுக்காமல் வெறும் பெயரைத் தட்டச்சு செய்தால் ஆசிரியர்களோடு கூட்டாளர்களும் சேர்ந்து வருவார்கள். நரம்பியலில் இது பெரிய குழப்பம். அல்சைமர் மூளைப் படத் தரவுகளைத் தரும் ஏடிஎன்ஐ திட்டத்தின் தரவைப் பயன்படுத்தும் கட்டுரைகளில் அத்திட்டத்தின் ஆய்வாளர்கள் கூட்டாளர்களாகப் பட்டியலிடப்படுவார்கள். அந்தக் கட்டுரைகளை அவர்கள் எழுதவில்லை. பலவற்றை வாசித்திருக்கவும் மாட்டார்கள். அவை வெளியீட்டுப் பட்டியலில் வரக்கூடாது.

தேடல் முடிந்ததும் 'சேவ்' கொடுத்து சிஎஸ்வி கோப்பாக (எக்செல்லில் திறக்கும் அட்டவணை) இறக்குங்கள். பயன்படுத்திய தேடல் வரியை ஒரு தனிக் கோப்பில் ஒட்டிவையுங்கள். ஆறு மாதம் கழித்துப் புதுப்பிக்கும்போது அதே வரியை ஓட்டினால் போதும்.

'பப்மெட்டில் இருக்கிறது' என்பதும் 'மெட்லைனில் இருக்கிறது' என்பதும் ஒன்றல்ல. மெட்லைன் என்பது பப்மெட்டுக்குள் தேர்ந்தெடுத்த இதழ்களை மட்டும் கொண்ட பகுதி. மெட்லைனில் சேராத ஆய்விதழின் கட்டுரையும் முழுக் கட்டுரைகளின் இலவசச் சேமிப்பகமான பப்மெட் சென்ட்ரல் வழியாகப் பப்மெட்டில் தெரியும். விதி மெட்லைன் என்று கேட்டால் அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் என்எல்எம் கேட்டலாக்கில் அந்த இதழின் பக்கத்தைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

5. மற்ற மூன்று தளங்களில் சரிபாருங்கள்

ஸ்கோபஸில் ஒரே ஆளுக்கு இரண்டு, மூன்று ஆசிரியர் எண்கள் இருப்பது வழக்கம். தமிழ்ப் பெயர்களுக்கு இது இன்னும் அதிகம். ஒவ்வொரு பெயர் வடிவத்திலும் தேடி, கிடைக்கும் எண்களையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். சந்தா இல்லாதவர்களும் இலவச முன்னோட்டப் பக்கத்தில் ஆசிரியர் விவரத்தை ஓரளவு பார்க்கலாம்.

ஸ்கோபஸைப் போன்ற இன்னொரு கட்டணத் தளமான வெப் ஆஃப் சயன்ஸில் உங்கள் நிறுவனம் எத்தனை ஆண்டுகளுக்குச் சந்தா கட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்து எண் மாறும். பக்கத்துக் கல்லூரியில் 19 காட்டும் எச்-இண்டெக்ஸ் (19 என்றால், தலா 19 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் 19 உண்டு) உங்கள் கல்லூரியில் 16 காட்டினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கூகுள் ஸ்காலரை விடுபட்டவற்றைக் கண்டுபிடிக்க மட்டும் பயன்படுத்துங்கள். ஆய்வேடு, மாநாட்டுச் சுருக்கம், முன்பதிப்பு (இதழில் வருமுன் இணையத்தில் இடும் வடிவம்), பிபிடி கோப்பு எல்லாம் அங்கே மேற்கோளாக எண்ணப்படும். எனவே எண் பெரும்பாலும் பெரிதாகத்தான் இருக்கும். தானாகச் சேர்க்கும் வசதியை நிறுத்தி, மின்னஞ்சலில் கேட்டுச் சேர்க்கும்படி மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் அதே பெயருள்ள வேறொருவரின் வேதியியல் கட்டுரைகள் நரம்பியல் மருத்துவரின் கணக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதைக் கவனிக்காமல் விண்ணப்பத்தில் சேர்த்தவரின் நேர்மையைத்தான் குழு சந்தேகிக்கும்.

6. ஒன்றாக்கி, நகல்களை நீக்குங்கள்

எல்லாக் கோப்புகளையும் ஒரே தாளில் கொண்டுவந்து, டிஓஐ நிரலை வைத்து நகல்களை நீக்குங்கள். டிஓஐ சில தளங்களில் இணைய முகவரியாகவும் சிலவற்றில் வெறும் எண்ணாகவும் இருக்கும். முன்னால் உள்ள முகவரிப் பகுதியை வெட்டி, எல்லாவற்றையும் சிறிய எழுத்துக்கு மாற்றிய பிறகே ஒப்பிடுங்கள்.

டிஓஐ இல்லாத பழைய கட்டுரைகளைத் தலைப்பு, ஆண்டு, பக்க எண் கொண்டு கையால் பாருங்கள். முன்பதிப்பும் அச்சான வடிவமும் வேறு வேறு டிஓஐயோடு இருக்கும். அச்சானதை மட்டும் வைத்துக்கொண்டு, முன்பதிப்பைக் குறிப்பு நிரலில் எழுதுங்கள்.

இதழ்ப் பெயர்களில் தடுமாறாதீர்கள். அனல்ஸ் ஆஃப் நியூராலஜி வேறு, அனல்ஸ் ஆஃப் இந்தியன் அகாடமி ஆஃப் நியூராலஜி வேறு. நியூராலஜி வேறு, நியூராலஜி இந்தியா வேறு. ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நியூராலஜி என்ற இதழ்தான் 2013 முதல் ஜாமா நியூராலஜி. 2009இல் வந்த கட்டுரைக்குப் பழைய பெயரையே எழுத வேண்டும்.

7. வகையும் பங்கும் குறியுங்கள்

இந்த வேலையைக் கணினியிடம் விடாதீர்கள். ஒவ்வொரு கட்டுரையையும் திறந்து பாருங்கள். மூல ஆய்வு, முறைசார் மீளாய்வு, சாதாரண மீளாய்வு, வழிகாட்டு நெறி, நோயாளித் தொகுப்பு, ஒற்றை நோயாளி அறிக்கை, படக் குறிப்பு, கடிதம், ஆசிரியர் பதில், மாநாட்டுச் சுருக்கம் எனப் பிரியுங்கள். நரம்பியல் இதழ்களில் கற்பித்தலுக்கான ஒற்றைப் பட வெளியீடுகள் அதிகம். அவற்றை மூல ஆய்வின் கீழ் போட்டால் குழுவில் இருக்கும் நரம்பியலாளர் உடனே கண்டுபிடித்துவிடுவார். மாநாட்டுச் சுருக்கங்கள் ஆய்விதழின் துணை இதழில் அச்சாகியிருந்தாலும் அவற்றுக்கு எப்போதும் தனித் தலைப்பு.

பங்கை நான்காகக் குறித்தால் போதும்: முதல் ஆசிரியர், கடைசி ஆசிரியர், தொடர்பு ஆசிரியர், மற்றவை. சமப் பங்களிப்பு என்று கட்டுரையிலேயே அச்சாகியிருந்தால் மட்டும் அதைக் குறியுங்கள். மருத்துவ ஆய்வில் கடைசி இடம் பொதுவாகக் குழுத் தலைவருடையது. ஆனால் துறைத் தலைவர் என்பதற்காகக் கடைசிப் பெயராகச் சேர்க்கும் பழக்கமும் நம்மிடம் உண்டு. கட்டுரையின் முடிவில் பங்களிப்புக் குறிப்பு இருந்தால் அதையும் வாசித்து எழுதுங்கள்.

8. கூட்டமைப்புக் கட்டுரைகளைத் தனியாக எடுங்கள்

மேற்கோள் கணக்கை அதிகம் திரிப்பது இந்த வகைதான். உலக நோய்ச்சுமை ஆய்வின் நரம்பியல் கட்டுரைகள், பக்கவாதம், ஒற்றைத் தலைவலி ஆகியவற்றின் மரபணுக் கூட்டமைப்புகள், பன்னாட்டு மருந்துச் சோதனைகள் எல்லாம் நூற்றுக்கணக்கான பெயர்களோடு வரும். லான்செட் நியூராலஜியில் 2019இல் வந்த நரம்பியல் நோய்ச்சுமைக் கட்டுரை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இப்படிப்பட்ட கட்டுரையில் ஒருவர் பப்மெட்டில் கூட்டாளராகவும் ஸ்கோபஸில் ஆசிரியராகவும் பதிவாகியிருக்கலாம்.

நோயறிதல் வரையறைகளும் இதே போல. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்கான மெக்டொனால்டு அளவுகோலின் 2017 திருத்தம், வலிப்பு நோய்க்கான பன்னாட்டுக் கழகத்தின் 2017 வகைப்பாடு, தலைவலிகளின் மூன்றாம் பன்னாட்டு வகைப்பாடு போன்றவற்றை அந்த நோயைப் பற்றி எழுதும் பெரும்பாலோர் மேற்கோள் காட்டுவார்கள். அவற்றில் பங்கேற்றது பெருமைக்குரியதே. ஆனால் அந்த மேற்கோள்கள் சொல்வது வேறு, சொந்த ஆய்வுக்குக் கிடைத்த மேற்கோள்கள் சொல்வது வேறு.

ஆகவே ஐம்பதுக்கு மேல் ஆசிரியர்கள் உள்ளவற்றையும் வரையறைக் கட்டுரைகளையும் தாளில் ஒரு நிறம் கொடுத்துப் பிரித்துவையுங்கள். ஐம்பது என்பது எங்கும் விதியாக இல்லை. நடைமுறைக்கு வசதியான எல்லை. எந்த எல்லை வைத்தாலும் அதை விண்ணப்பத்தில் எழுதிவிடுங்கள். எண்களை இவற்றைச் சேர்த்து ஒருமுறையும் சேர்க்காமல் ஒருமுறையும் எடுக்க வேண்டும்.

9. திரும்பப் பெறப்பட்டவையும் போலி இதழ்களும்

ஒவ்வொரு டிஓஐயையும், டிஓஐ வழங்கும் அமைப்பான கிராஸ்ரெஃப் இலவசமாகத் தரும், திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைத் தொகுக்கும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவில் சரிபாருங்கள். திரும்பப் பெறப்பட்ட கட்டுரையும் தொடர்ந்து மேற்கோள் பெற்றுக்கொண்டே இருக்கும். அல்சைமர் ஆய்வில் பெரிதாகப் பேசப்பட்ட அமிலாய்டு பீட்டா ஸ்டார் 56 என்ற புரதம் பற்றிய கட்டுரை 2006இல் நேச்சர் இதழில் வந்து, 2024 ஜூனில்தான் திரும்பப் பெறப்பட்டது. பட்டியலில் அப்படி ஒன்று இருந்தால் மறைக்காமல், 'திரும்பப் பெறப்பட்டது' என்று எழுதி, எண்ணிக்கையிலிருந்து நீக்குங்கள்.

இதழ் உண்மையானதா என்று ஐஎஸ்எஸ்என் எண்ணை (ஒவ்வோர் இதழுக்கும் உரிய பன்னாட்டு எண்) வைத்துப் பாருங்கள். நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் திருடி வேறு முகவரியில் நடக்கும் போலித் தளங்கள் உண்டு. பெயர் ஸ்கோபஸ் பட்டியலில் இருப்பது மட்டும் போதாது. கட்டுரையே ஸ்கோபஸில் கிடைக்க வேண்டும்.

10. இப்போது எண்ணுங்கள்

ஒரே தளம், ஒரே நாள். ஸ்கோபஸின் கட்டுரை எண்ணிக்கையையும் ஸ்காலரின் மேற்கோளையும் கலந்து எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு.

எச்-இண்டெக்ஸைக் கையால் ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். மேற்கோள்களை இறங்குவரிசையில் அடுக்கினால் 48, 33, 21, 17, 12, 9, 7, 7, 4, 2 என்று வருகிறது என்போம். ஏழாவது கட்டுரைக்கு 7 மேற்கோள். எட்டாவதற்கும் 7தான், 8 இல்லை. எனவே எச்-இண்டெக்ஸ் 7. பத்தும் அதற்கு மேலும் மேற்கோள் பெற்றவை 5, அதுவே ஐ10. மொத்தம் 160, சராசரி 16, இடைநிலை (வரிசையின் நடுவில் வரும் மதிப்பு) 10.5.

இதே பட்டியலில் 48க்குப் பதில் 900 மேற்கோள் பெற்ற ஒரு கூட்டமைப்புக் கட்டுரை இருந்தால் மொத்தம் 1012, சராசரி 101.2 என எகிறும். எச்-இண்டெக்ஸ் 7 என்றேதான் இருக்கும், இடைநிலை 10.5 என்றேதான் இருக்கும். சராசரியை மட்டும் எழுதினால் எவ்வளவு தவறான படம் கிடைக்கும் என்பது இதில் தெரியும். ஆனால் அப்படிப்பட்ட கட்டுரைகள் பத்து இருந்தால் எச்-இண்டெக்ஸும் தூக்கப்படும். 8ஆம் படி அதற்காகத்தான்.

இன்னொன்றையும் பாருங்கள். 7 மேற்கோள் பெற்ற அந்த இரண்டு கட்டுரைகளும் தலா ஒரு மேற்கோள் பெற்றால் எச்-இண்டெக்ஸ் 8. இரண்டே மேற்கோளில் மாறும் எண்ணை வைத்து இரண்டு பேரில் ஒருவரை மேல் என்று சொல்ல முடியாது. தன் கட்டுரைகளைத் தானே மேற்கோள் காட்டி இதை உயர்த்துவதும் எளிது. ஸ்கோபஸின் மேற்கோள் மேலோட்டப் பக்கத்தில் சுயமேற்கோள்களை நீக்கும் வசதி இருக்கிறது. நீக்கிய எண்ணையும் சேர்த்தே கொடுங்கள்.

11. துறையோடு ஒப்பிடுங்கள்

அல்சைமர், பக்கவாதம் பற்றி உலகெங்கும் எழுதுகிறார்கள். நியூரோசிஸ்டிசெர்கோசிஸ் (மூளையில் நாடாப்புழுத் தொற்று), எஸ்எஸ்பிஇ (தட்டம்மைக்குப் பல ஆண்டுகள் கழித்து வரும் மூளை நோய்), பாம்புக்கடியின் நரம்பு விளைவுகள் பற்றி எழுதுபவர்கள் குறைவு. இரண்டாம் வகையில் நம் ஊர் மருத்துவர்கள் செய்யும் மிக நல்ல வேலைக்கும் மேற்கோள் குறைவாகத்தான் வரும். அதனால் துறை சமன்செய்த அளவீடு கட்டாயம் தேவை.

இலவசமாகக் கிடைப்பது அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஐசைட் தளம். பிஎம்ஐடிகளை மொத்தமாக ஒட்டினால் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒப்பீட்டு மேற்கோள் விகிதம் வரும். 1 என்றால், அந்த நிறுவனம் நிதியளித்த கட்டுரைகளின் இடைநிலைக்குச் சமம். மருத்துவக் கட்டுரைகள் எத்தனை இதை மேற்கோள் காட்டின என்பதையும் அதே தளம் காட்டும். சிகிச்சை சார்ந்த ஆய்வாளருக்கு இது மிகவும் பயன்படும். ஸ்கோபஸ் தரவில் கணக்கிடும் துறை எடையிட்ட மேற்கோள் தாக்கத்தில் 1 என்பது உலகச் சராசரி. இந்த அளவீடு, கட்டுரை வெளியான ஆண்டிலும் அடுத்த 3 ஆண்டுகளிலும் வந்த மேற்கோள்களை மட்டுமே எண்ணும். புதிய கட்டுரைகளுக்கு இரண்டுமே தள்ளாடும். கடைசி இரண்டு ஆண்டுக் கட்டுரைகளைத் தனியாக வையுங்கள்.

இதழின் தாக்கக் காரணியைக் கட்டுரையின் மதிப்பாக எழுதாதீர்கள். அது இதழின் இரண்டு ஆண்டு மேற்கோள் சராசரி மட்டுமே. விண்ணப்பம் கேட்டால், கட்டுரை வெளியான ஆண்டின் எண்ணை எடுத்து, எந்தப் பிரிவின் கால்பகுதி (குவார்ட்டைல்: ஒரு பிரிவின் இதழ்களைத் தரவரிசைப்படி நான்காகப் பிரித்ததில் ஒன்று) என்பதையும் எழுதுங்கள். 'கிளினிக்கல் நியூராலஜி', 'நியூரோசயன்சஸ்' ஆகிய இரண்டு பிரிவுகளிலும் உள்ள இதழ், ஒரு பிரிவில் முதல் கால்பகுதியிலும் மற்றதில் இரண்டாவதிலும் இருக்கக்கூடும்.

'ஸ்டான்ஃபோர்டு 2 சதவீதப் பட்டியல்' என்று சுவரொட்டி அடிக்கப்படும், அதிக மேற்கோள் பெற்ற ஆய்வாளர்களின் பட்டியல் ஸ்கோபஸ் தரவில் கணக்கிடப்படுவது. வாழ்நாள் பட்டியல், ஓராண்டுப் பட்டியல் என அதில் இரண்டு உண்டு. எதில், எந்த ஆண்டுப் பதிப்பில், எந்த உட்துறையில் என்று எழுதாமல் அதைச் சேர்க்காதீர்கள்.

12. எழுதும் வடிவம்

ஒரு பத்தி போதும். மாதிரி: "ஸ்கோபஸ், 15-3-2025 நிலவரம். கட்டுரைகள் 42, அவற்றில் மூல ஆய்வு 23, முதல் அல்லது கடைசி ஆசிரியராக 18. ஐம்பதுக்கு மேல் ஆசிரியர்கள் உள்ள 3 கட்டுரைகள் நீங்கலாக மேற்கோள் 610, எச்-இண்டெக்ஸ் 13. சேர்த்தால் 2,940, எச்-இண்டெக்ஸ் 15. சுயமேற்கோள் நீக்கி, அந்த 3 நீங்கலாக 548." இதன் கீழே, ஆய்வாளரே முக்கியமெனக் கருதும் ஐந்து கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் என்ன கண்டறிந்தார், அது சிகிச்சையிலோ வழிகாட்டு நெறியிலோ எங்கே பயன்பட்டது என்று இரண்டு வரி. குழுவில் கவனமாக வாசிப்பவர்கள் தங்கி நிற்பது இந்த ஐந்தில்தான்.

13. தளங்களையும் திருத்திவிடுங்கள்

உங்கள் தாள் சரியாகிவிட்டது. தளங்கள் இன்னும் தவறாகவே இருக்கும். ஸ்கோபஸின் திருத்தப் படிவத்தில் பிரிந்து கிடக்கும் ஆசிரியர் எண்களை இணைக்கவும், பிறர் கட்டுரைகளை நீக்கவும் கோருங்கள். சில வாரம் ஆகலாம் என்பதால் விண்ணப்பக் கடைசி நாளுக்கு இரண்டு மாதம் முன்பே செய்யுங்கள். ஓர்கிட்டில் கிராஸ்ரெஃப், யூரோப் பிஎம்சி (ஐரோப்பிய மருத்துவ, உயிரியல் கட்டுரைத் தளம்), ஸ்கோபஸ் ஆகியவற்றை இணைத்துக் கட்டுரைகளை இழுத்துக்கொள்ளுங்கள்; கையால் தட்டச்சு செய்தால் நகல்கள் பெருகும்.

இனி எல்லாக் கட்டுரைகளுக்கும் ஒரே ஒரு ஆங்கிலப் பெயர் வடிவம் என்று ஆய்வாளரோடு பேசி முடிவுசெய்து, ஓர்கிட் எண்ணோடு சேர்த்து இணை ஆசிரியர்களுக்கும் துறை அலுவலகத்துக்கும் அனுப்பிவையுங்கள். கட்டுரையைச் சமர்ப்பிப்பது பெரும்பாலும் முதுநிலை மாணவர்கள். படிவத்தில் பெயரை நிரப்புவது அவர்கள்தான்.